மாடிப்படிக்கு அடியில் நிற்கும் ஸ்கூட்டர்

எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு ஸ்கூட்டர் நிற்கிறது. வயதில் என் அக்காவை விட மூத்தது, பிடிவாதத்தில் சரிசமம். பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்ததும் அக்கா முதலில் வாங்கியது அதைத்தான். அதுவரை அப்பாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்துதான் போய் இறங்குவாள். பரிசோதனைக் கூடத்து வாசல் காவலாளி, "பாப்பா வந்தாச்சா?" என்பார். பாப்பாவுக்கு இருபத்தெட்டு வயது.

வாங்கிய பிறகும் பாப்பா பைக்கில்தான் போய்க்கொண்டிருந்தாள். ஸ்கூட்டரைக் கிளப்பினால் படிக்கட்டுக்கு அடியிலேயே கியர் விழாமல் கடகடக்கும். அக்கா கிளட்ச் கேபிளை இறுக்குவாள், கியர் விழும். தெருவுக்கு வந்தால் எஞ்சின் ஊரைக் கூட்டும், வண்டி ஊர்ந்துபோய்த் தெருக்கோடி மேட்டுத் திருப்பத்தில் நின்றுவிடும். தளர்த்தினால் மறுபடி கடகட. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்றால், அக்காவுக்குக் கேபிளின் இரண்டு நுனியிலும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா தீர்ப்புச் சொன்னார்.

"கிளட்ச் பிளேட்டே போச்சும்மா. பழைய இரும்புக்காரரை சாயங்காலம் வரச் சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டுப்பா?"

"தெருவே கேட்டுக்கிட்டுத்தானே இருக்கு, அது போடற சத்தத்தை."

அக்கா ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை. "உங்களைப் பின்னாடி வெச்சு அந்த மேட்டுத் திருப்பத்துல ஏத்திக் காட்டினா?"

"ஏறிட்டா வெச்சுக்கோ. பாதியில நின்னா அங்கேருந்தே அவர் தூக்கிட்டுப் போகட்டும்."

"உங்களையும் சேத்தா?" என்றாள் அம்மா, உள்ளே இருந்து.

அக்கா புதுக் கேபிள் மாட்டினாள். நான் டார்ச் பிடித்தேன்.

"மூஞ்சில அடிக்காதடா, என் பல்லுலயா நட்டு இருக்கு?"

கிளட்ச் லிவரில் நகம் நுழையும் அளவுக்குத் தளர்வு விட்டு நட்டை முடுக்கினாள். வண்டியைத் தெருவுக்குத் தள்ளினோம். தளர்வைக் காணோம், லிவர் விறைத்து நின்றது. உள்ளே கொண்டுபோனோம். தளர்வு வந்துவிட்டது.

"படிக்கட்டுக்குக் கீழ பேய் இருக்குக்கா."

"உன்னைத் தவிர யாரும் இல்ல. ஹேண்டிலை நேரா வை."

"எப்படி வைக்கறது? சுவர் இடிக்குதே!"

இருவரும் ஹேண்டிலைப் பார்த்தோம். அந்த இடுக்கில் ஹேண்டிலை முழுக்க இடப்பக்கம் ஒடித்தால்தான் வண்டி நுழையும். ஹேண்டிலுக்குள்ளே இறங்கும் கேபிள் அப்போது தொய்ந்துவிடும், நிமிர்த்தினால் இழுபட்டு, கிளட்ச் கவ்வாமல் வழுக்கும்.

"இத்தனை நாளா கழுத்தைத் திருப்பி வெச்சுக் காலருக்கு அளவெடுத்திருக்கோம்டா!"

உடனே வண்டியை நடுத்தெருவுக்குக் கொண்டுவந்தாள். எதிர்வீட்டுக்காரர் காரில் வந்து ஹார்ன் அடித்தார்.

"ஏம்மா, தெருவை வாங்கிட்டியா?"

"இன்னும் பத்திரம் பதியல அங்கிள், கொஞ்சம் பொறுங்க."

ஹேண்டிலை முழுக்க வலப்பக்கம் திருப்பி நான் பிடித்துக்கொள்ள, அந்த நிலையிலும் துளி தளர்வு இருக்கும்படி அக்கா கேபிளை வைத்தாள். ஸ்பானர் நழுவி விரல் கிழிந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு மற்ற கையால் முடுக்கினாள். இரும்புக்காரர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து, வண்டியை விட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதைப்பா எடுத்துக்கணும்?"

"இருங்க, இன்னும் முடிவாகல," என்றேன்.

அப்பா ஹெல்மெட்டோடு வந்தார். அரை கிலோமீட்டர் பயணத்துக்கு விமானம் ஏறுகிற முகம்.

மேட்டின் திருப்பம் வலப்பக்கம். எஞ்சின் கத்தி வண்டி நிற்பது எப்போதும் அங்கேதான். அக்கா ஹேண்டிலை ஒடித்தாள். வண்டி திணறியது. கியரைக் குறைத்து கிளட்சை விட்டாள், அது கவ்விக்கொண்டது. இருவரும் மேட்டைத் தாண்டி மறைந்தார்கள்.

திரும்பி வரும்போது அக்கா வேகத்தைக் குறைக்கவே இல்லை. எங்களைக் கடக்கையில் அப்பா ஒரு கையை மட்டும் எடுத்து இரும்புக்காரரிடம் வேண்டாமென்று ஆட்டினார். சட்டென்று அந்தக் கையால் மறுபடி சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அக்கா தனியாக வேலைக்குப் போனாள். அப்பா வாசலில் தன் பைக்கைத் துடைத்தார். பின்சீட்டை மட்டும் வெகுநேரம் துடைத்தார்.