சுவரில் வெளிறாத இடம்

என் கணவர் அரசியல் கட்சிகளை ஆராய்ந்தவர். நாட்டுக்கு வாக்குரிமை வாங்கித் தந்ததாகச் சொல்லிக்கொள்ளும் கட்சி, தன் தலைவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பதுதான் அவருடைய கடைசிப் புத்தகம். உட்கட்சித் தேர்தல் ஒவ்வொன்றும் ‘ஏகமனதாக’ முடிந்திருந்தது. அந்தச் சொல்லைப் பார்த்தாலே அவருக்குச் சிரிப்பு வரும்.

“நம்ம வீட்டுல ஃபேன் போடறதுக்கே ரெண்டு கட்சி. அங்க அத்தனை பேருக்கும் ஒரே மனசாம்” என்பார்.

பேட்டி கொடுத்தவர்களின் பெயரை அவர் எழுதிவைத்ததில்லை. ‘கிளை உறுப்பினர்’, ‘மாவட்டக் குழு’ என்று பொறுப்பை மட்டும் குறிப்பார். கதவைத் திறந்துவிட்டவள் நான். முகங்கள் என்னிடம் இருந்தன.

அவர் மாரடைப்பில் போன பிறகு, துறையில் அவருக்கு இளையவர் ஒருவர் புத்தகத்தை முடித்துத் தருவதாகச் சொன்னார். என்னை அண்ணி என்று கூப்பிடுபவர். சாவு வீட்டில் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டவரும் அவர்தான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அடுத்த முறை வந்தபோது கேட்டார்.

“அண்ணி, ஓட்டுப் பெட்டியைத் திறக்கறதுக்கு முன்னாடியே முடிவு டைப் ஆகி வந்துடுச்சுன்னு ஒருத்தர் சொல்லியிருக்காரே, அது யாரு?”

“என்ன பொறுப்புல இருந்தவர்னு எழுதியிருக்கே.”

“பொறுப்பு இருக்கு. பேரு?”

“பேரு புத்தகத்துல வராதே, தம்பி.”

“வராது வராது. சும்மா தெரிஞ்சுக்கலாம்னு.”

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் தொடவில்லை.

ஆராய்ச்சிக்குப் பொறுப்பு போதும். பெயர் தேவைப்படுகிறவர்கள் வேறு ஆட்கள். துக்கம் என்னைச் சந்தேகப் பிராணி ஆக்கிவிட்டதோ என்றும் நினைத்தேன். ஆனாலும் அவர் செருப்புச் சத்தம் கேட்டால், சொல்லப்போவதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஒருநாள் சொன்னார்: “அத்தியாயத்தை எல்லாம் முனைக் கடையிலதான் ஜெராக்ஸ் எடுத்தேன், அண்ணி. கடைக்காரர் படிச்சுப் படிச்சு எடுத்தார். கட்சிக்காரராமே?”

ஓட்டுப் பெட்டி விஷயத்தை என் கணவரிடம் சொன்னவர் அந்தக் கடைக்காரர்தான். ரெண்டு பெண் பிள்ளைகளின் அப்பா.

“அவரா? எதைக் கொடுத்தாலும் படிப்பார். என் கண் டாக்டர் சீட்டைப் படிச்சுட்டு, கண்ணாடியை மாத்துங்கன்னு சொன்ன மனுஷன்” என்று சிரித்தேன். பிறகு குரலைத் தாழ்த்தி, “பொறுப்பை அவர் வேணும்னே மாத்தி எழுதியிருக்கார், தம்பி” என்று, பெட்டி விஷயத்தைச் சொன்னவராகக் கட்சியின் மூத்த தலைவர் ஒருவர் பெயரைச் சொன்னேன். பேட்டிகளுக்குப் பிறகு இறந்துபோனவர், பெண்டாட்டி பிள்ளை இல்லாதவர். செத்தவரை யார் என்ன செய்துவிட முடியும்?

“அவரா” என்றார் தம்பி. ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

கட்சி அலுவலகத்தின் முன்கூடத்தில் பொது வாசகசாலை உண்டு. சில வாரம் கழித்து நாளிதழ் படிக்கிற சாக்கில் போனேன். சுவரில் மறைந்த தலைவர்களின் படங்கள் வரிசையாக இருந்தன. நடுவில் ஓர் இடம் மட்டும் காலி. அங்கே நீலச் சுண்ணாம்பு வெளிறாமல் புதிதாக இருந்தது. ஆணியைக்கூடப் பிடுங்கியிருந்தார்கள்.

“இங்க இருந்த படம் எங்கேங்க?”

காவலாளி தலையை நிமிர்த்தவில்லை. “எடுத்துட்டாங்கம்மா. செயற்குழுவுல முடிவு பண்ணாங்க. ஏகமனதா.”

மறுவாரம் வழக்கம்போலத் தம்பி வந்தார்.

“அண்ணி, இன்னொருத்தர் இருக்காரே, மாவட்டக் குழுவுல...”

“இருங்க, தம்பி. டீ போட்டுட்டு வந்து சொல்றேன்.”

அடுப்பைப் பற்றவைத்தேன். அந்தச் சுவரில் இன்னும் யார் யார் படம் மிச்சம் என்று ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தேன்.