அக்கா அடித்த அடி

அவளை 'லீடர்' என்று கூப்பிட ஆரம்பித்தது கேலிக்காகத்தான். அனல் மின் நிலையத்தில், கொதிகலனுக்குக் கீழே சாம்பல் வந்து விழும் தொட்டிகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யும் ஒப்பந்தக் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. ஒருநாள் குடிக்கத் தண்ணீர் வரவில்லை என்று, உடம்பெல்லாம் சாம்பலோடு மேலாளர் அறைக்குள் நுழைந்து, அவர் மேசையிலிருந்த பாட்டிலை எடுத்து அண்ணாந்து குடித்துவிட்டு, "நன்றி சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்று ஒட்டிய பெயர் பிறகு போகவேயில்லை. அவள் புருஷன்கூட, "லீடரம்மா, சோறு உண்டா, இல்ல வேலைநிறுத்தமா?" என்றுதான் கேட்பான். அவன் அதே ஒப்பந்தக்காரனிடம் குழாய் வெல்டர்.

நிலையத்தை மூடப்போகிறார்கள் என்று அறிவித்த கூட்டத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். இனி நிலக்கரி இல்லை, சாம்பல் மேட்டைச் சமப்படுத்தி அதன்மேல் சோலார் பலகைகள் வரும், ஊர்க்காற்று சுத்தமாகும், ஒரு தொழிலாளியும் கைவிடப்பட மாட்டார் என்று ஓர் அதிகாரி மைக்கில் சொன்னார். லீடரும் கை தட்டினாள். அவள் முழங்கைகளில் சூடான சாம்பல் தெறித்த தழும்புகள் இருந்தன. இருமினால் கைக்குட்டை கறுக்கும். வெயிலிலிருந்து கரண்ட் எடுப்பதில் அவளுக்கு என்ன வருத்தம் இருக்கப்போகிறது?

சோலார் வேலைக்கான பயிற்சிக்கு ஆள் எடுத்தபோதுதான் விஷயம் புரிந்தது. நிரந்தரத் தொழிலாளர்களை மட்டும் கூப்பிட்டார்கள். அவள் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாள்.

"நாங்க எப்ப வரணும் சார்?"

"நீங்க எங்க ஆளுங்க இல்லம்மா. கான்ட்ராக்டர் ஆளுங்க. அவரப் போய்க் கேளுங்க."

ஒப்பந்தக்காரன் காரின் கண்ணாடியைப் பாதி இறக்கிப் பதில் சொன்னான். "பிளான்ட்டே மூடிட்டாங்க. சாம்பலே இல்லாத எடத்துல உங்கள வெச்சு நான் என்ன அள்ளச் சொல்றது?"

சோலார் பலகைகளுக்கு இரும்புச் சட்டம் நிறுத்தும் வேலையும் அவனுக்குத்தான் கிடைத்திருந்தது. அதற்கு வெளியிலிருந்து, பாதிக் கூலிக்கு, பழைய கூலி, உரிமை எதையும் கேட்கத் தெரியாத ஆட்களைக் கூட்டி வந்திருந்தான். அதைத் தெரிந்துகொண்ட நாளில் லீடர் நிஜமாகவே லீடர் ஆனாள். பலகை ஏற்றிய லாரிகள் வரும் சாலையை மறித்து உட்காருவது என்று எல்லோரும் முடிவு செய்தார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அவளுடைய தம்பி அந்த ஒப்பந்தக்காரனிடம் காவல் வேலையில் இருந்தான். அம்மா செத்தபோது அவன் நடக்கப் பழகாத குழந்தை. அவள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். வளர்ந்து இரண்டு ஆள் அகலத்துக்கு நின்றதால் ஊரே அவனை 'மலை' என்றது. அந்த உடம்பைப் பார்த்துத்தான் ஒப்பந்தக்காரன் அவனை வைத்திருந்தான்.

மறியலுக்கு முந்தைய நாள் சாயங்காலம் மலை அக்கா வீட்டுக்கு வந்தான். நிலைப்படியில் குனிந்து நுழைந்தவன் உட்காரவில்லை.

"அக்கா, நாளைக்கு நீ போகாத."

"ஏன், நீ வந்து அடிப்பியா?"

"நான் ஏன் அடிக்கறேன்? கூட வர்றவனுங்க என் பேச்சக் கேக்க மாட்டானுங்க. நீயும் மாமாவும் வீட்ல இருங்க, அவ்வளவுதான்."

அவள் புருஷன் சிரித்தான். "மாப்ள, உங்கக்கா வீட்ல இருந்து நான் பாத்ததே இல்ல. நீ வேணா சொல்லிப் பாரு."

"சிரிக்காதீங்க மாமா. இது சிரிக்கற விஷயமில்ல."

"நீயும் எங்க கூட வந்து உக்காருடா," என்றாள் அவள். "உன்ன மாதிரி நாலு பேர் உக்காந்தா லாரி என்ன, ரயிலே நிக்கும்."

"எனக்கு ஒரு வேலை இருக்குக்கா. உனக்குத்தான் இல்ல."

அந்த வார்த்தை அவளைச் சுட்டது. "வெளிய போடா," என்றாள். போனான்.

காலையில் சாலையில் முதல் ஆளாகப் படுத்தவர் டோசர். சாம்பல் மேட்டில் புல்டோசர் ஓட்டிய மனுஷன். இயந்திரச் சத்தத்தில் இரண்டு காதும் அடைத்துப்போய்விட்டதால், ஒரு ஜோக் சொன்னால் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பார். அன்றும், "டோசர், லாரி உன்மேல ஏறுனா டயர்தான் பஞ்சராகும்" என்று யாரோ சொல்ல, சற்றுக் கழித்துப் படுத்தபடியே குலுங்கினார். அவர் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலைக்குத் தன் முந்தானையை மடித்து வைத்தாள்.

லாரிகள் வந்து நின்றன. ஓட்டுநர்கள் இறங்கி ஓரமாகப் போய் பீடி பற்ற வைத்தார்கள். அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பின்னாலிருந்து ஒரு வேன் வந்தது. அதிலிருந்து இறங்கியவர்கள் கையில், பலகைச் சட்டத்துக்கென்று வந்திருந்த புத்தம்புதுக் குழாய்கள், கை அளவுக்கு அறுக்கப்பட்டு, வெயிலில் பளபளத்தன. ஜீப்பின் படியில் ஒப்பந்தக்காரன் ஏறி நின்றான்.

"ஓடுங்க!" என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் எழுந்தார்கள். டோசருக்கு மட்டும் கேட்கவில்லை. வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தார். அவர் எழுந்து உட்காரும்போது முதல் அடி பின்மண்டையில் விழுந்தது. தேங்காயை நடைப்படியில் போட்டது போன்ற சத்தம். இரண்டாவது அடி தேவைப்படவில்லை. இருந்தும் அடித்தார்கள். அவர் பெண்டாட்டி அவர்மேல் கவிழ்ந்து படுத்தாள். அவள் முதுகிலும் குழாய் இறங்கியது.

அதற்குப் பிறகு ஒழுங்கு எதுவும் இல்லை. ஒருவன் ஒரு பெண்ணின் முடியைச் சுற்றிப் பிடித்துச் சரளைக் கல்லில் இழுத்துப் போனான். அவள் முகம் உரிந்தது. கல் பறந்தது. ஒரு பலகைப் பெட்டி உடைந்து கண்ணாடி சாலை முழுக்கச் சிதறியது. அதன்மேல் செருப்பில்லாத கால்கள் ஓடின. லீடர் இரண்டு கையாலும் ஒருவனுடைய குழாயைப் பிடித்துத் தொங்கினாள். அவன் அவள் விலாவில் உதைத்தான். அவள் விழுந்து, மூச்சு வராமல், தரை மட்டத்திலிருந்து பார்த்தபோது தன் புருஷனைக் கண்டாள். அவன் கையில் ஒன்றுமில்லை. இரண்டு கையையும் விரித்து வழியை மறித்து நின்றான். அவனுக்கு எதிரே மலை.

"மாமா, ஒதுங்குங்க!"

"மாப்ள, அங்க பாரு, டோசர் செத்துட்டாரு. குழாயக் கீழ போடு."

"ஒதுங்குங்க மாமா!"

ஜீப்பின் படியிலிருந்து, "மலை! என்னடா அங்க உறவு கொண்டாடிட்டு இருக்க?" என்று ஒரு குரல் வந்தது. மலை குழாயை ஓங்கினான். தலையில் அடிக்கவில்லை. குனிந்து, முழுபலத்தோடு, முட்டியில் அடித்தான். கால் இருக்கக்கூடாத திசையில் மடங்கியது. அவள் புருஷன் போட்ட அலறல் சாலையில் இருந்த எல்லாச் சத்தத்துக்கும் மேலே எழும்பியது.

அவள் எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கீழே கிடந்த ஒரு குழாய் கைக்கு வந்தது. காலமெல்லாம் கம்பியால் இறுகிய சாம்பலைக் குத்திப் பெயர்த்த கை அது. "டேய்!" என்றாள். மலை திரும்பினான். சின்ன வயதில் அவள் கூப்பிட்டால் எப்படித் திரும்புவானோ அப்படியே, கையைத் தாழ்த்திக்கொண்டு திரும்பினான். அவள் அடித்தாள். குழாயின் அறுத்த முனை அவன் இடது கண்ணில் இறங்கியது.

அவன் சத்தம் போடவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டான். விரலிடுக்கில் ரத்தமும் வேறென்னவோவும் வழிந்தன. அவள் மறுபடி ஓங்கினாள். யாரோ பின்னாலிருந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இல்லாவிட்டால் அடித்திருப்பாள்.

ஆஸ்பத்திரியில் முட்டி உடைந்தவனும் கண் போனவனும் ஒரே வார்டில் கிடந்தார்கள். நடுவே ஒரு துணித் திரை. திரைக்கு இந்தப் பக்கம் புருஷன் வலியில் முனகினால், அந்தப் பக்கம் மலை மூச்சைப் பிடித்துக்கொள்வான். ஒப்பந்தக்காரன் பழக்கூடையோடு வந்து மலையின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். டோசரை அடித்தது கூட்டத்திலிருந்து வந்த கல் என்றும், அக்கா கொலை செய்யும் எண்ணத்தோடு தாக்கினாள் என்றும் சொன்னால் போதும், ஆயுசுக்கும் தன்னோடு இருக்கலாம் என்றான். மலை தலையாட்டினான். அப்போது அவனுக்கு அக்காமேல் கொலைவெறியே இருந்தது.

போலீஸ் அவளைப் பிடித்தபோது, அவளுடைய வக்கீல், "அடிக்கலைன்னு சொல்லுங்க. கூட்டத்துல யார் அடிச்சாங்கன்னு யாராலயும் நிரூபிக்க முடியாது," என்றார்.

"அடிச்சேனே."

"அது எனக்குத் தெரியும்மா."

"நான் அடிக்கலைன்னா அங்க சண்டையே நடக்கலன்னு ஆயிடும் சார். டோசர் தானா விழுந்து செத்தார்ங்கற மாதிரி ஆயிடும். நான் அடிச்சேன். எங்க வெச்சு, எதுக்கு, எந்தக் குழாயால, அது எப்படி என் கைக்கு வந்துச்சு, எல்லாத்தையும் எழுதட்டும்."

வக்கீல் அவள் சொன்னபடியே எழுதிக்கொண்டார். ஜாமீன் கிடைக்கவில்லை. விசாரணை தொடங்கும்வரை சிறையில் இருந்தாள். அங்கே முதல் வாரத்திலேயே, சாப்பாட்டு வரிசையில் தன்னைத் தள்ளிய ஒருத்தியின் கன்னத்தில் அறைந்து தனி அறைக்குப் போனாள். தனி அறையில், மலை திரும்பிப் பார்த்த அந்தப் பார்வை அவளை விடவில்லை. அவன் கையைத் தாழ்த்தியிருந்தான். அதை நினைக்கும்போதெல்லாம் புருஷனின் கால் மடங்கியதையும் சேர்த்து நினைத்துக்கொள்வாள். இரண்டும் ஒன்றையொன்று அழிக்கவில்லை.

கோர்ட்டில் மலை கூண்டேறியபோது மரம் முனகியது. இடது கண் இருந்த இடத்தில் வெள்ளைத் துணி. எதிர்த்தரப்பில் அக்கா நின்றாள். பாதியாக இளைத்திருந்தாள். அவளைப் பார்க்காமல் பேசிவிடலாம் என்றுதான் வந்திருந்தான்.

"உங்களை அடித்தது யார்?"

"எங்கக்கா."

"எதற்காக?"

பாடம் பண்ணி வந்த பதில் ஒன்று இருந்தது. முன்வரிசையில் டோசரின் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள். முதுகெலும்பில் அடிபட்டதால் நேராக உட்கார முடியாமல் பக்கத்துப் பெண்ணின் தோளில் சாய்ந்திருந்தாள். மலை அவளைப் பார்த்தான். பிறகு கோலூன்றி நின்ற மாமாவைப் பார்த்தான்.

"எங்க மாமா கால நான் ஒடச்சேன்," என்றான். "அதுக்குத்தான் அடிச்சாங்க. கல்லு கில்லு எதுவும் இல்லங்க. டோசர 'அந்தக் கெழவன மொதல்ல தூக்கு'ன்னு சொன்னது அதோ அந்த ஆளு. நான் பக்கத்துல நின்னு கேட்டேன். குழாய அறுத்துக் குடுத்ததும் அவருதான்."

ஒப்பந்தக்காரன் எழுந்து வெளியே போகப் பார்த்தான். வாசலில் நிறுத்தினார்கள்.

அன்று சாயங்காலமே மலைக்குக் கூலி கிடைத்தது. கோர்ட் வாசலில் டீ குடித்துக்கொண்டு நின்றவனை, பார்வை இல்லாத இடப்பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து வெட்டினார்கள். கழுத்துக்கு வந்த அரிவாளை வலது கையால் தடுத்தான். சிறைக்குக் கிளம்பிய வேனின் கம்பி வலை வழியாக லீடர் அதைப் பார்த்தாள். வலையைப் பிடித்து உலுக்கினாள், தலையால் மோதினாள். பிடிக்க வந்த பெண் காவலரின் மணிக்கட்டைக் கடித்தாள். "எந்தம்பி! எந்தம்பிய வெட்றானுங்க!" என்று கத்தியபடியே இருந்தாள். வேன் நிற்காமல் போயிற்று. அவன் உயிரோடு இருக்கிறான் என்ற சேதி மறுநாள்தான் அவளுக்கு வந்தது.

ஒப்பந்தக்காரனுக்குக் கொலை வழக்கில் ஆயுள். உண்மையைச் சொன்ன மலையை அரசுத் தரப்புச் சாட்சியாக்கி மன்னித்தார்கள். அவளுக்குச் சில வருஷங்கள் போட்டு, அதில் சிறையில் இருந்த காலத்தைக் கழித்தார்கள். இதற்கிடையில் சோலார் நிறுவனம், தன் பலகைகள் ரத்தத்தில் நனைந்த படம் ஊரெல்லாம் சுற்றியதைத் தாங்க முடியாமல், பழைய ஒப்பந்தத் தொழிலாளர்களை நேரடி வேலைக்கு எடுத்தது. பெண்கள் பலகை கழுவினார்கள். டோசரின் பெண்டாட்டி அறையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து மீட்டர் பார்த்தாள். லீடரின் புருஷனுக்கு, விறைத்த காலோடு, கிடங்கில் வேலை.

லீடர் விடுதலையாகி வந்து சோலார் நிலையத்தின் கேட்டுக்குப் போனபோது, தண்டனை பெற்றவர்களுக்கு வேலை கிடையாது என்றார்கள். அவள் சண்டை போடாமல் திரும்பினாள். கழுவும் பெண்கள்தான் சும்மா இருக்கவில்லை. வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்தார்கள். சமப்படுத்திய சாம்பல் மேட்டிலிருந்து காற்று தினமும் தூசியைக் கிளப்பிப் பலகைகள்மேல் தூவியது. கரண்ட் இறங்கிக்கொண்டே போயிற்று. டோசரின் பெண்டாட்டி மீட்டரைப் பார்த்து, "இன்னிக்கு இன்னும் கொறஞ்சிருக்கு சார்," என்று அன்பாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் லீடருக்கும் கேட் திறந்தது.

வேலைக்குச் சேர்ந்து முதல் வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பியின் அறைக்குப் போனாள். போவதா வேண்டாமா என்று புருஷனிடம் கேட்கவில்லை. அவனே, "போயிட்டு வா. நான் இப்ப வரல. என்னால முடியறப்ப வர்றேன்," என்றான்.

மலை கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அறைக்கு அவன் இன்னும் பெரிதாகத்தான் இருந்தான். வலது கை விரல்கள் மடங்காமல் விறைத்திருந்தன. கண்ணாடி டம்ளரில், தண்ணீரில், செயற்கைக் கண் ஒன்று கிடந்தது.

"நான் மன்னிப்புக் கேக்க வரல," என்றாள்.

"நானும் கேக்கல."

"மாமா கால் இன்னும் மடங்கல."

"தெரியும்."

மலை இடது கையால் டம்ளரிலிருந்து கண்ணை எடுத்து இமையைத் தூக்கப் பார்த்தான். ஒரு கையால் அது நடக்கவில்லை. வழுக்கிக் கீழே விழுந்து உருண்டது. அவன் பல்லைக் கடித்தான்.

"தெனமும் இப்படியா?"

"பக்கத்து வீட்டு ஆள் போட்டு விடுவாரு. இன்னிக்கு ஊர்ல இல்ல."

அவள் குனிந்து எடுத்தாள். கழுவினாள். கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து அவன் முன்னால் நின்றாள்.

"அண்ணாந்து பாரு."

அவன் பார்த்தான். தான் உண்டாக்கிய அந்தக் குழியை அவள் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். உள்ளே ஈரமாக, சிவப்பாக இருந்தது. இமையைத் தூக்கிக் கண்ணை உள்ளே வைத்தாள். முதல் முறை சரியாக உட்காரவில்லை. அவன் வலியில் அவள் சேலையை இறுக்கிப் பிடித்தான்.

"அசையாத," என்றாள். "திரும்பப் போடறேன்."