ரெக்ஸ் கொண்டுவந்த புட்டி

அந்த அக்டோபர் சனிக்கிழமை ஆல்டர்பி ஊர்மன்றத்தில் நிற்க இடமில்லை. அறுவடை முடிந்து உழுது போட்ட வயல்களில் மண்ணுக்குள் உலோகம் தேடும் டிடெக்டரோடு அலைகிறவர்களுக்கு அதுதான் பருவம். ஆளுக்கொரு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தேநீர் மேசைப் பக்கம் ஸ்கோன் ரொட்டி சுடுகிற வாசனை.

மாவட்ட அருங்காட்சியகத்திலிருந்து ஹெஸ்டர் வந்திருந்தாள். ஜனங்கள் மண்ணில் கண்டெடுத்ததையெல்லாம் வாங்கிப் பார்த்து, இன்ன பொருள், இன்ன காலம், இன்ன இடத்தில் கிடைத்தது என்று பதிவு செய்வது அவள் உத்தியோகம். பொருள் பெரும்பாலும் கண்டெடுத்தவரிடமே திரும்பிப் போய்விடும். அவளுக்கு வேண்டியது அது கிடந்த இடம். இடத்தை மட்டும் யாரும் மழுப்பிச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. முகம் கொடுத்துப் பேசமாட்டாள். தபால் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருந்த நான் அவளுக்கு ஒத்தாசையாகப் பக்கத்தில் உட்காருவேன். எடை போடுவதும் படம் எடுப்பதும் என் பாடு.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரெக்ஸ் ஸ்கிப்வொர்த்தின் முறை வந்தது. உடம்பெல்லாம் பையுள்ள பச்சைச் சட்டை, தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரிக்கிற சுபாவம். கோஸ்லிங் பண்ணையின் ஓடைக்கரை வயலில் தேட அவருக்கு அனுமதி இருந்தது. பல வருஷமாக அங்கிருந்து நல்ல நல்ல பொருளாகக் கொண்டுவருவார். அவற்றை வைத்துத்தான் அந்த வயலில் ஆயிரம் வருஷத்துக்கு முன் ஒரு சந்தை கூடியிருக்க வேண்டும் என்று ஹெஸ்டர் கட்டுரை எழுதினாள். இதே மன்றத்தில் அதைப் பற்றிப் பேசவும் செய்தாள். அன்று முதல் வரிசையில் உட்கார்ந்து பலமாகக் கை தட்டியவர் ரெக்ஸ்தான்.

"என்ன ஆட்ரி, தராசு ஒழுங்கா காட்டுமா? இல்ல, தபால் ஆபீஸ்ல சுட்டுட்டு வந்ததா?" என்று என்னைச் சீண்டிக்கொண்டே பழைய காசுகளையும் பொத்தான்களையும் எடுத்து வைத்தார். ஹெஸ்டர் கையுறை போட்ட விரலால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து முடித்தாள். பிறகு ரெக்ஸ் உள்பையிலிருந்து ஒரு கம்பளிக் காலுறையை வெளியே எடுத்தார்.

"கடைசியா ஒண்ணு, கண்ணு. இது நீ தேடுற காலத்துப் பொருள் இல்ல. பழைய பீர் பாட்டில்னு நினைக்கிறேன். மூடியாலதான் மெஷின் கத்துச்சு."

உள்ளே ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி. துருப்பிடித்த சோடா மூடி. பாதிக்குக் கலங்கலான தண்ணீர்; அடியில் மெழுகு மாதிரி மஞ்சளாக ஏதோ உறைந்திருந்தது. அதில் பழுப்பாக, ரப்பர் மாதிரி ஒரு பட்டை. ஹெஸ்டர் அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றாள். கையைக் கீழே இறக்கவில்லை, மேசையில் வைக்கவும் இல்லை.

எனக்குப் பூண்டு வாசனை அடித்தது. சமையலறையிலிருந்து வருகிறது என்று நினைத்தேன்.

"ஆட்ரி," என்றாள், சாதாரணமாக. "தரை துடைக்கிற வாளியில தண்ணி நிறையப் பிடிச்சுட்டு வாங்க. ஓடாதீங்க."

மேசை சுத்தமாகத்தானே இருக்கிறது என்று சொல்ல வாய் எடுத்தேன். அப்போதுதான் பார்த்தேன். மூடிக்கு அடியிலிருந்து வெள்ளை நூல் மாதிரிப் புகை வந்துகொண்டிருந்தது. அணையாமல் வைத்த சிகரெட்டிலிருந்து வருமே, அந்த மாதிரி. ரெக்ஸ் கவனிக்கவில்லை. பின்னால் திரும்பி யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

மன்றத்துச் சமையலறைக் குழாயில் தண்ணீர் எப்போதுமே நூலாகத்தான் வரும். அன்றைக்கு அது வாளியின் அடியை நனைக்கவே வெகு நேரம் எடுத்தது. என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது. ஹெஸ்டர் ஓடாதீங்க என்று சொன்ன விதம்தான் பயமுறுத்தியது. கதவிடுக்கு வழியாகப் பார்த்தால், தள்ளுவண்டியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் மேசையை ஒட்டி வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெஸ்டர் அவளைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

பின்னால் அவளே சொன்னாள். பயிற்சி வகுப்பு ஒன்றில் அந்தப் புட்டியின் படத்தை ஒரு தரம் காட்டியிருக்கிறார்கள். ஜெர்மானியர் கரையேறினால் டாங்கி மேல் எறிவதற்காக, இரண்டாம் உலக யுத்தத்தின் முதல் வருஷங்களில் ஊர்க்காவல் படைக்குக் கொடுத்தது; அவர்கள் அதை மண்ணில் புதைத்து வைத்தார்கள். உள்ளே பாஸ்பரஸ்; பூண்டு மாதிரி மணக்கும். காற்றுப் பட்டால் தானே பற்றிக்கொள்ளும். பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு எரியும். கண்ணாடியில் விரிசல் ஓடியிருப்பது அவள் விரலுக்குத் தெரிந்திருக்கிறது. அழுத்திப் பிடித்தால் உடையும், தளர்த்தினால் நழுவும். அந்தத் தள்ளுவண்டியின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

நான் வாளியைக் கொண்டுபோய்க் காலடியில் வைத்தேன். அவள் மெல்லக் குனிந்து, புட்டியைக் கையோடு தண்ணீருக்குள் இறக்கினாள். புகை நின்றது. அவள் கையை வெளியே எடுத்ததும் கையுறையின் கட்டைவிரல் நுனியில் புகை கிளம்பியது. கையை மறுபடி தண்ணீரில் அமிழ்த்தினாள். உதடு வெளுத்துப்போயிருந்தது.

பிறகு எல்லோரும் வெளியே போகும்படி உரக்கச் சொன்னாள். கொண்டுவந்ததை அப்படியே விட்டுவிட்டுப் போகச் சொன்னாள். ஒருவரும் அசையவில்லை. அவரவர் டப்பாவை அவரவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முறை போய்விடுமே என்று பார்த்தார்கள்.

"இது குண்டு," என்றாள் ஹெஸ்டர்.

மன்றம் காலியாவதற்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

வண்டி நிறுத்துகிற இடத்தைத் தாண்டி, தேவாலயச் சுவர் ஓரம் எல்லோரும் கூடி நின்றோம். போலீசுக்குச் சொல்லியாகிவிட்டது. ஹெஸ்டர் மர பெஞ்சில் உட்கார்ந்து, பாத்திரம் கழுவுகிற பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி மடியில் வைத்து, அதற்குள் கையை விட்டிருந்தாள். எடுத்தால் உடனே எரிய ஆரம்பித்தது. ரெக்ஸ் அவள் எதிரே நின்றார். வேடிக்கைப் பேச்செல்லாம் போய்விட்டிருந்தது.

எங்கே கிடைத்தது என்று கேட்டாள். கோஸ்லிங் வயல், ஓடைக்கரை என்றார். எத்தனை என்றாள். ஒன்றுதான் என்றார். பெட்டி பெட்டியாகத்தான் இவற்றைப் புதைப்பார்கள், ஒற்றையாக யாரும் புதைத்ததில்லை என்று ஹெஸ்டர் சொன்னாள். அவர் தரையைப் பார்த்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரெக்ஸ் எங்கே போனாலும் நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறவன் அவர் மைத்துனன் காலின். மனைவி நோரீனின் தம்பி. அன்றைக்கு அவனைக் காணோம்.

"காலின் எங்க?" என்று நான்தான் கேட்டேன்.

"சளி. வீட்ல படுத்திருக்கான்."

ஹெஸ்டர் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள். "ரெக்ஸ், என் கையில இப்போ பேனா இல்ல. நான் எதையும் எழுதப்போறதில்ல. நீங்க சொல்ற வயலுக்குத்தான் ராணுவத்துக்காரங்க போவாங்க. அது வேற வயலா இருந்தா, சரியான இடத்துல யாரும் இருக்கமாட்டாங்க. காலின் மட்டும்தான் இருப்பான். மண்வெட்டியோட."

ரெக்ஸ் கைபேசியை எடுத்து அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினார்.

"மடத்து மேடு," என்றார். "பாலத்துக்குப் பக்கம். பெட்டி முழுசா இருக்கு. பழைய சாமான் சந்தையில விக்கலாம்னு காலின் தோண்டிட்டிருக்கான்."

மடத்து மேடு பழைய துறவிமடம் புதைந்து கிடக்கிற, அரசாங்கக் காப்பில் உள்ள இடம். அங்கே டிடெக்டரோடு கால் வைப்பதே குற்றம். ஜெயிலுக்குப் பயந்து அவர் மறைத்திருக்கிறார். நல்லவேளை, கடைசி வரை மறைக்கவில்லை. ஹெஸ்டர் என்னைப் பார்த்தாள். என் காரில் அவரைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். மேட்டுக்கு அருகே போகவேண்டாம், காற்று வருகிற பக்கமாக நின்று கத்திக் கூப்பிடுங்கள், மற்றதைப் போலீசுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன் என்றாள்.

வழியெல்லாம் ரெக்ஸ் கைபேசியைக் காதில் வைத்தபடியே வந்தார். அந்தப் பாதை எனக்குத் தலைகீழாகத் தெரியும். ஆனாலும் இரண்டு இடத்தில் தவறான பக்கம் திரும்பப் பார்த்தேன். வேலி மறைத்த கடைசி வளைவைத் தாண்டியதும் ரெக்ஸின் வாயிலிருந்து ஒரு முனகல் வந்தது. மேட்டின் மேல் வெள்ளையாக ஒரு புகை, அடுப்புப் புகை அளவுக்கு, நேராக எழும்பிக்கொண்டிருந்தது.

காலின் இடுப்பளவு குழிக்குள் நின்றான். மண்வெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தான். அவனைச் சுற்றி, உளுத்துப்போன பெட்டிக்குள் புட்டிகள் வரிசையாகத் தலையைக் காட்டிக்கொண்டிருந்தன. ஒன்று உடைந்து அவன் பூட்சுக்கு நடுவே புகைந்தது. எங்கே காலை எடுத்து வைத்தாலும் கண்ணாடிமேல்தான் வைக்க வேண்டும். எவ்வளவு நேரமாக அப்படி நின்றானோ, எங்களைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தான்.

"மச்சான், நகர முடியல," என்றான். "நகர்ந்தா எல்லாம் உடையும்."

நான் ஹெஸ்டர் சொன்ன இடத்திலேயே நின்றேன். நின்றேன் என்பதைவிட, கால் அதற்குமேல் வரவில்லை என்பதுதான் நிஜம். ரெக்ஸ் நிற்கவில்லை. மேட்டில் ஏறி, குழியின் விளிம்பில் குப்புறப் படுத்து, இரண்டு கையையும் நீட்டினார். மண்வெட்டியைத் தூரப் போடச் சொன்னார். காலின் அதை விடமாட்டேன் என்கிறான், விரல் இறுகிப்போயிருந்தது. குழந்தையிடம் பேசுவது மாதிரிப் பேசிப் பேசி அதை விடவைத்தார். பிறகு அவன் அக்குளுக்கு அடியில் கை கொடுத்து இழுத்தார். அறுபத்தைந்து வயசு மனுஷன், தன்னைவிடக் கனமான ஒருவனைப் படுத்தபடி இழுக்கிறார். பாதி வெளியே வந்தபோது காலினின் பூட்சு எதையோ உதைத்தது. கண்ணாடி உடைகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

மஞ்சளாக ஒரு தீ எழும்பியது. அதன் பின்னால் பால் மாதிரி வெள்ளைப் புகை. இரண்டு பேரும் அதற்குள் மறைந்துபோனார்கள். நான் கத்தினேனா இல்லையா என்று எனக்கு நினைவில்லை.

புகையிலிருந்து உருண்டுதான் வந்தார்கள். காலினின் வலது கால் முழங்காலுக்குக் கீழே எரிந்துகொண்டிருந்தது. ரெக்ஸ் வெறுங்கையால் அதை அடித்து அணைக்கப் பார்த்தார். அது கையிலும் ஒட்டியது. அப்போதுதான் என் கால் எனக்குத் திரும்பி வந்தது. ஓடைக்கு, ஓடைக்கு என்று அலறிக்கொண்டே போய் காலினின் மறுபக்கத் தோளைப் பிடித்தேன். மூன்று பேரும் சரிவில் விழுந்து தண்ணீருக்குள் போனோம். ஐஸ் மாதிரித் தண்ணீர். காலினின் காலையும் ரெக்ஸின் கைகளையும் நான் அடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மேட்டில் ஒவ்வொரு புட்டியாக வெடிக்கும்போதும் காலினின் உடம்பு துள்ளியது. கால் வெளியே வந்துவிடுமோ என்பதே எனக்குப் பயம். ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியே பிடித்திருந்தேன்.

ராணுவத்துக்காரர்கள் எரிந்தது அடங்கியபின் தோண்டிப் பார்த்தார்கள். காலின் நின்ற இடத்துக்கு நேர் அடியில் இன்னொரு பெட்டி இருந்தது. அதில் ஒரு புட்டிகூட உடையவில்லை. ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னபோது காலின் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவன் பிழைத்தான். கெண்டைக்காலில் பாதிச் சதை போய்விட்டது. இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறான். ரெக்ஸ் கோர்ட்டில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அபராதம் போட்டு, டிடெக்டரைப் பறிமுதல் செய்தார்கள். பண்ணைக்காரர் கோஸ்லிங், ரெக்ஸ் தன் நிலத்தில் இனிக் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். தம்பியின் கால் விஷயத்தில் நோரீன் அவரை மன்னிக்கவில்லை. தம்பியை வெளியே இழுத்துப்போட்டதும் அவர்தான் என்று யாராவது எடுத்துச் சொன்னால், எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள்.

ஜனவரியில் ஹெஸ்டர் என்னையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள். அவள் கட்டைவிரலில் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. சமையலறை மேசையில் ஒரு பெரிய வரைபடத்தை விரித்தாள். இத்தனை வருஷம் கோஸ்லிங் வயல் என்று சொன்ன ஒவ்வொரு பொருளையும் பெயர் சொல்லிக் கேட்டாள். ரெக்ஸ் கட்டுப்போட்ட விரலால் சரியான இடத்தைத் தொட்டுக் காட்டினார். பெரும்பாலும் மேட்டையும் பாலத்துச் சாலையையும்தான் காட்டினார். ஹெஸ்டரின் சந்தை அந்த வயலில் இருந்ததே இல்லை. அவள் திட்டவில்லை. பென்சிலால் குறித்துக்கொண்டே போனாள்; கழுத்து மட்டும் சிவந்திருந்தது.

ஏறக்குறைய முடிகிற சமயம், ரெக்ஸின் விரல் பள்ளிக்கூட மைதானத்தின் வேலியோரம் போய் நின்றது.

"இங்க எதுவும் எடுக்கல," என்றார். "போன வசந்தத்துல நடந்து போனப்போ மெஷின் கத்துச்சு. மேட்டுல கத்தின அதே மாதிரி. சின்னச் சின்ன மூடிங்க, நெருக்கமா. மழை வந்துச்சு, நான் தோண்டல."

ஹெஸ்டர் பென்சிலை மேசையில் வைத்தாள். சுவரில் கடிகாரத்தைப் பார்த்தாள். பிள்ளைகள் வெளியே விளையாடுகிற இடைவேளை நேரம். அவள் கைபேசியைத் தேடி எடுப்பதற்குள் நான் கோட்டைக்கூட மாட்டாமல் வாசலுக்கு வந்துவிட்டேன்.

பள்ளிக்கூடம் மூன்று தெரு தள்ளி. பாதி வழியிலேயே பிள்ளைகளின் சத்தம் கேட்டது. நான் விஷயத்தைச் சொன்னதும் தலைமை ஆசிரியை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மணியை அடித்தார். பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே வரிசையில் உள்ளே போனார்கள். மறுநாள் அந்த வேலியடியில், ஒரு முழ ஆழத்தில், ராணுவத்துக்காரர்கள் அதே புட்டிகள் நிறைந்த இரண்டு பெட்டிகளை எடுத்தார்கள்.