பதினைந்து ஜாடி மழை

வளிமண்டல அறிவியல் துறையில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய கட்டுரையாவது வெளிவந்தால் அவர்தான் துறை முழுவதற்கும் பப்ஸ் வாங்கித் தர வேண்டும். ஆய்வு மாணவி யோகப்பிரியா மூன்று முறை வாங்கிக் கொடுத்துவிட்டாள். மூன்றாவது கட்டுரை, இடுக்கி மலைச்சரிவுகளின் மழை அபாய வரைபடம். அதற்கு இளம் ஆய்வாளர் விருதும் அறிவித்துவிட்டார்கள். சொந்த ஊரான பெருமாட்டியில் அவள் அப்பா குப்பண்ணன், வழியில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும்?

அவளுக்கே தெரியாது. வரைபடத்துக்காகப் பத்து வருட மழை அளவுகளைச் சலித்தபோது, சித்திரபுரத்துக்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து ஒரே நாளில் 312 மில்லிமீட்டர் என்று வந்திருந்தது. அன்றைக்குச் சுற்றுவட்டாரத்தில் எங்குமே நாற்பதைத் தாண்டவில்லை. புள்ளி வைக்க மறந்துவிட்டார்கள் என்று தானே முடிவு கட்டி 31.2 ஆக்கினாள். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அந்தச் சரிவு வரைபடத்தில் ஆபத்தில்லாத பச்சையாகிவிட்டது.

இந்த ஆகஸ்டில் மழை கொட்டித் தீர்த்தது. வரைபடத்தில் சிவப்பிலிருந்த லயன் வீட்டுக்காரர்களை, அதாவது வரிசை வீடுகளில் இருந்த தோட்டத் தொழிலாளர்களை, அதிகாரிகள் முகாமுக்கு மாற்றினார்கள். பச்சையிலிருந்தவர்களை யாரும் கூப்பிடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மண் சரிந்து மூன்று வீடுகள் போயின. செத்தவர்களில் ஒருவர் ஆசீர்வாதம். சரிவின் உச்சிக்கு ஏறிப் போய், தினமும் காலை எட்டரைக்கு மழையை அளந்து எழுதியவர் அவர்தான்.

செய்தி வந்த பிறகுதான் எஸ்டேட் அனுப்பியிருந்த அவருடைய நோட்டின் படங்களை யோகப்பிரியா திறந்து பார்த்தாள். அளக்கிற கண்ணாடி ஜாடி இருபது மில்லிமீட்டருக்கு மேல் கொள்ளாது. நிறைந்த ஒவ்வொரு ஜாடியையும் கொட்டிவிட்டு, எண்ணிக்கை தவறாமலிருக்க ஓரத்தில் ஒரு கோடு போடுவார் மனிதர். அந்தத் தேதிக்கு எதிரே பதினைந்து கோடுகள். அதற்கு மேல் நிறையாத கடைசி ஜாடிக்குப் பன்னிரண்டு. மொத்தம் 312.

"விருது விழா முடியட்டும். பின்னே ஒரு திருத்தம் அனுப்பினா மதி, அது போதும்," என்றார் அவளுடைய ஆய்வுக் கைடு ஜின்சன், மலையாளம் கலந்த தமிழில். "அந்த வீட்டில போய்ச் சொல்லி என்ன பிரயோஜனம்?"

அவள் பஸ் ஏறிவிட்டாள்.

ஆசீர்வாதத்தின் மனைவி எப்சிபா பள்ளிக்கூட முகாமில் இருந்தாள். பல்கலைக்கழகத்துப் பிள்ளை என்றதும் பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னாள். முன்னூற்றுப் பன்னிரண்டு என்று யோகப்பிரியா தொடங்கியதுமே எப்சிபாவின் முகம் சுருங்கிப்போனது.

"அதுவா? அவரு தப்பா எழுதிட்டாரும்மா. கீழ லயத்துல அன்னைக்குச் சாரல்தான். 'பதினஞ்சு ஜாடி'ன்னே பேரு வச்சுச் சிரிச்சாக. ஒங்க ஆபீசுல இருந்து வந்த பேப்பர்லயும் முப்பத்தொண்ணுன்னுதான் இருந்துச்சு. எதுக்குய்யா பொய் எழுதுனேன்னு நானும் ஏசிட்டேன். அதை மனசுல வச்சுக்காதம்மா."

தலையாட்டிவிட்டு எழுந்திருந்தால் போதும். தப்பு செத்தவர் தலையிலேயே இருந்துவிடும்; விருதும் தங்கும். ஒரு கணம் யோகப்பிரியா அதை நினைக்கத்தான் செய்தாள். நினைத்ததற்கே நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

"இல்லீங்கம்மா. அவரு எழுதுனதுதான் சரிங்க. மாத்துனது நானுங்க. நான் மாத்தாம இருந்திருந்தா உங்களையும் முன்னாலயே இங்க கூட்டியாந்திருப்பாங்க."

எப்சிபா திட்டவில்லை.

"அப்ப அவரு சரியாத்தான் அளந்தாரா?"

"ஆமாங்க."

"நான் ஏசுனேனே!" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துவிட்டு, யோகப்பிரியாவின் மணிக்கட்டைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப் போனாள். லயத்து ஜனம் முழுக்க அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மற்ற இரண்டு வீடுகளில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும் இருந்தார்கள்.

"எங்கிட்டச் சொன்னத இவுககிட்டயும் சொல்லு."

யோகப்பிரியா சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை எப்சிபா கையை விடவில்லை.