நாலாவது வரி

சாமிக்கு ஏற்றிய விளக்கே புத்தகத்தைத் தின்றுவிட்டால் யாரைப் போய்த் திட்டுவது? பெரியமுத்து தன்னைத்தான் திட்டிக்கொண்டான்.

பள்ளிவாசல் என்கிற மலையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், எஸ்டேட்டுக்கே சொந்தமான சின்ன பவர்ஹவுஸில் அவன் ஆபரேட்டர். சுவரில் ஆறு ரிலே. லைனில் கோளாறு என்றால் கரண்டை நிறுத்துகிற பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளைச் செருகி. எந்த எண்ணில் செருகுகிறோமோ, கோளாறு அந்த அளவைத் தொட்டதும் கரண்ட் நிற்கும். வருஷாவருஷம் ஆயுத பூஜைக்கு ஆறையும் கழற்றி, புளி போட்டுத் தேய்த்து, சந்தனம் வைத்து, மறுநாள் புத்தகத்தைப் பார்த்துத் திருப்பிச் செருகுவார்கள்.

புத்தகம் பவர்ஹவுஸில், நகல் அவன் வீட்டு டிரங்குப் பெட்டியில். சோறு போடுகிற எழுத்து, ஒன்றுக்குச் சந்தனம் வைத்து இன்னொன்றை விடலாமா என்று 1974ஆம் வருஷம் இரண்டையும் ஒரே பலகையில் வைத்தான். பக்திதான், வேறென்ன. விளக்கு சாய்ந்தது, இரண்டும் சாம்பலாயின.

"குத்துமதிப்பாப் போடுய்யா, ஆஸ்பத்திரி இருட்டுல கெடக்கு," என்றார் சூப்பர்வைசர் பழனிச்சாமி.

பெரியமுத்துவுக்குக் கை வரவில்லை. பார்த்துப் போட்டே பழகியவனுக்கு ஐந்து எண்கள் நினைவில் இல்லை. நாலாவது மட்டும் நினைவிருந்தது, சாகிறவரை இருக்கும். கம்பி அறுந்து மண்ணில் விழுந்தால் கரண்டை நிறுத்துகிற ரிலே அது. பத்தில் இருந்தது. மழைக்கு அடிக்கடி கரண்ட் போகுதென்று ஆபீஸில் ஏச, இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாற்பதுக்கு ஏற்றினான். அந்த வாரமே கம்பி அறுந்து விழுந்தது, கரண்ட் நிற்கவில்லை. லைன்மேன் செபாஸ்டின் அதில் மாட்டிப் போய்ச் சேர்ந்தான். விசாரணைக்கு ஆள் வருமுன் பெரியமுத்து செருகியைப் பத்துக்கு இறக்கி, புத்தகத்திலும் வீட்டு நகலிலும் அந்தத் தாளைக் கிழித்து, பத்து என்றே புதிதாக எழுதிவைத்தான். மழைமேல் பழி போட்டுப் போய்விட்டார்கள்.

அப்போதெல்லாம் லைன்மேனிடமும் ஒரு நகல் இருக்கும். செபாஸ்டினின் நோட்டை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. வேதக்கார வீடு, கிறிஸ்தவர்கள், ஆயுத பூஜைக்கு எதையும் எடுத்து வைக்க மாட்டார்கள். இருந்தால் அங்கேதான் இருக்கும்.

அந்த வாசலுக்குப் போவதைவிட கம்பம் நடுகிற குழியில் விழலாம் என்றிருந்தது. போனான்.

அவன் விஷயத்தைச் சொன்னதும் செபாஸ்டினின் மனைவி செபமாலையம்மாள் தகரப் பெட்டியிலிருந்து நோட்டை எடுத்தாள். ஆறு வரி. நாலாவதில் பத்து, அதன்மேல் ஒரு கோடு, பக்கத்தில் நாற்பது, தேதி. பழையதை அழிக்காமல் கோடு போட்டுத்தான் திருத்த வேண்டும் என்பது விதி. திருத்தியிருந்தது பெரியமுத்துவின் கையெழுத்து.

"கோட்டுக்கு அடியில இருக்குறதப் போடுங்கண்ணே," என்றாள்.

பெரியமுத்து நோட்டை மூடினான். "தெரிஞ்சும் ஏன் தாயி அப்பவே காட்டல?"

"காட்டியிருந்தா விசாரணைக்கு வந்தவக வாங்கிட்டுப் போயிருப்பாக. இந்தத் தாளையும் கிழிச்சிருப்பாக. அவரு எப்படிச் செத்தாருன்னு சொல்ல இது ஒண்ணுதான் எங்கிட்ட இருக்கு. வேல முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துருங்க."

மத்தியானம் ஆறு செருகிகளும் ஏறின. ஆஸ்பத்திரியில் விளக்கு எரிந்தது. நோட்டை அவளிடம் கொடுத்துவிட்டு வந்து, பெரியமுத்து புதுப் புத்தகம் ஒன்றை எடுத்தான். பார்த்துப் பார்த்து எழுதினான். நாலாவது வரியில் பத்து, அதன்மேல் கோடு, நாற்பது, அதன்மேலும் கோடு, மறுபடி பத்து. ஓரத்தில் இரண்டு வருஷத்துக்கு முந்திய அந்தத் தேதியும் தன் பெயரும்.

அதைப் பழனிச்சாமியின் மேசையில் விரித்து வைத்தான். நாலாவது வரியில் இது என்னய்யா என்று அவர் கேட்கும்வரை அங்கேயே நின்றான்.