எல்ம் மரம் இருந்த இடம்

கணவனும் மனைவியும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் இதுதான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் காரைத் தொடக் கூடாது. பிராவிடன்ஸ் நகரத்தைக் கால்நடையாகவே சுற்ற வேண்டும். கடைசியாக ஜெங்க்ஸ் தெரு ஏற்றம். ஆர்லிண்டா அதில் எங்கும் உட்காராமல் உச்சியில் இருக்கும் பூங்காவை எட்டிவிட்டால், வீட்டை விற்கிற பேச்சு அதோடு முடிந்தது. நடுவில் உட்கார்ந்துவிட்டால் மூச்சுக் காட்டாமல் ஃபிளாரிடாவுக்குக் கிளம்ப வேண்டும். இந்த ஊரில் வளர்ந்து இப்போது அங்கே இருக்கும் மகள் செலஸ்டி படிக்கட்டே இல்லாத வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள்.

ஆர்லிண்டாவுக்கு அறுபத்து நான்கு வயது. இருபத்தேழு வருஷம் அதே மேட்டில் தபால் பையோடு ஏறி இறங்கியவள். அந்த மேடுதான் அவளுடைய வலது முழங்காலைத் தின்று தீர்த்தது. போன பனிக்காலத்தில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் மாடிப்படியில் சறுக்கி விழுந்தாள். கணவர் டீனோ கடையிலிருந்து திரும்பிப் பார்க்கும்போது கீழ்ப்படியில் அரை மணி நேரமாகக் கிடந்தாள். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. டீனோவுக்குத்தான் மனம் விட்டுப் போய்விட்டது. அன்றிலிருந்து மனிதர் ஃபிளாரிடா ஜபம்.

இந்த ஊர்க்காரர்களுக்கு நடப்பதென்றால் வேப்பங்காய். இருபது நிமிஷம் கார் ஓட்ட வேண்டிய இடத்துக்குக்கூட வழியில் சாப்பிட ரொட்டி கட்டிக்கொண்டு கிளம்புகிற ஜனங்கள். அதனால் சனிக்கிழமை காலை இருவரும் ஃபாக்ஸ் பாயிண்ட் பகுதியில் இருந்த வீட்டிலிருந்து நடந்தே இறங்கியதை, எதிர்வீட்டு ஜன்னல் நன்றாகவே வேடிக்கை பார்த்தது.

சனிக்கிழமை அமோகமாகப் போனது. துறைமுகப் பூங்கா, ஆற்றோரம், பாலங்கள், மேற்கே இத்தாலியர் மேடு வரைக்கும் போய் வந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. வண்டிக்காரரிடம் எலுமிச்சை ஐஸ் வாங்கி, உறிஞ்சுகுழல் இல்லாமல் காகிதக் கோப்பையைப் பிதுக்கிப் பிதுக்கிச் சாப்பிட்டார்கள். குழல் கேட்டால் வெளியூர் என்று தெரிந்துவிடும். பிறந்ததிலிருந்து இருக்கிற ஊரை இப்படிச் சாவகாசமாகப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று ஆர்லிண்டாவுக்கே ஆச்சரியமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. ஆனால் ராத்திரி அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலுக்கு ஐஸ்கட்டி வைத்ததை டீனோவிடம் சொல்லவில்லை.

ஞாயிறு மத்தியானம் ஜெங்க்ஸ் தெருவின் அடிவாரத்துக்கு வந்தபோது முழங்கால் வீங்கியிருந்தது. அண்ணாந்து பார்த்தாள். தெரு சுவரில் சாய்த்து வைத்த ஏணியைப் போல நின்றது. மூலைவீட்டுக் கல்படியில் உட்கார்ந்தாள். ஏற்றம் இன்னும் தொடங்கவில்லை என்பதால் இது கணக்கில் சேராது என்று டீனோவும் பக்கத்தில் உட்கார்ந்தார். போதும், செலஸ்டிக்குப் போன் போடு என்று சொல்லிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. அழுகை வரும்போல இருந்தது. தோற்கப் போவதைவிட, டீனோ அதற்காகக் கோபப்படவே மாட்டார் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் ஒஹையோவிலிருந்து வந்த ஒரு தம்பதி, போனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே வந்து, உச்சிப் பூங்காவுக்கு வழி கேட்டார்கள்.

"நேரா மேல போங்க," என்றாள் ஆர்லிண்டா. "பாதி ஏற்றத்துல பெரிய எல்ம் மரம் இருந்த இடம் வரும். அதத் தாண்டினா டாக்டர் விட்டகரோட பச்சை வீடு. இப்ப அவரும் இல்ல, பச்சையும் இல்ல. அங்க திரும்பினா பூங்கா."

அந்த மனிதர் மரம் இப்போது இருக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வெட்டிப் பதினைந்து வருஷம் ஆகிறது என்றாள் ஆர்லிண்டா. இல்லை, பதினெட்டு என்று டீனோ திருத்தினார். இல்லாததைக் காட்டி வழி சொல்வது இந்த மாநிலத்தின் ரத்தத்தில் ஊறிய பழக்கம். ஒரு கட்டடம் நிற்கும்வரை அதை யாரும் சீந்த மாட்டார்கள். இடித்த மறுநாளிலிருந்து ஊரே அதை வைத்துத்தான் திரும்பும். ஒஹையோக்காரர்கள் பாவம், எல்ம் மரத்தைப் போனில் தேட ஆரம்பித்தார்கள்.

ஆர்லிண்டாவுக்குப் பொறுக்கவில்லை. இருபத்தேழு வருஷத்தில் ஒரு கடிதத்தைக்கூடத் தப்பான வாசலில் போட்டதில்லை; இரண்டு பேரை வழி தவற அனுப்புவாளா? "வாங்க, நானே காட்டுறேன்," என்று எழுந்துவிட்டாள்.

பேசிக்கொண்டே ஏறினாள். இந்த வீட்டு நாய் தன்னை இரண்டு தடவை கடித்தது, மூன்றாவது தடவை சிநேகமாகிவிட்டது. இந்த ஜன்னல்காரர் வரவே வராத ஒரு கடிதத்துக்காகத் தினம் கதவைத் திறந்து வைத்திருந்தார். எல்ம் மரம் இருந்த இடத்தில் செங்கல் நடைபாதை இன்னும் புடைத்துக்கொண்டுதான் இருக்கிறது, பார்த்து நடங்கள். அவர்களுக்கு மூச்சு வாங்கியது. அவள் நிறுத்தவில்லை.

பூங்காவில் ஒஹையோக்காரர்கள் கீழே விரிந்த நகரத்தைப் படமெடுக்கத் தொடங்கிய பிறகுதான், தான் எங்கே நிற்கிறோம் என்பது ஆர்லிண்டாவுக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். டீனோவைக் காணவில்லை.

தெருமுனைக்கு வந்து பார்த்தாள். பாதி ஏற்றத்தில், செங்கல் புடைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், யாருடைய வாசற்படியிலோ, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடைபாதையோர இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி வந்தாள்.

"என்ன டீனோ, நெஞ்சு வலிக்குதா?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப மூச்சு வாங்குது. ஏற்றத்துல உட்கார்ந்தா ஃபிளாரிடான்னு சொன்ன மனுஷன் நீதான்."

டீனோ சிரிக்கவில்லை. "பின்னாலேர்ந்து பாத்துக்கிட்டே வந்தேன் லிண்டா. பை மாட்டியிருக்கிற மாதிரியே தோளச் சாய்ச்சுக்கிட்டுப் போனே. அஞ்சு மாசமா கண்ண மூடினா நீ அந்தப் படியில கிடக்கிறதுதான் தெரியுது. இன்னைக்கு இதப் பாத்தேன். நல்லா பாத்து மனசுல வச்சுக்கணும்னு உட்கார்ந்துட்டேன்."

அவள் அவருடைய தோளைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. தெறித்துவிட்டுப் போகட்டும்.

டீனோவின் சட்டைப்பையில் போன் அடித்தது. முடிவு தெரிந்துகொள்ளச் செலஸ்டி கூப்பிட்டாள். அம்மா ஏறிவிட்டாள், வீட்டை விற்கப் போவதில்லை என்று டீனோ சொன்னார். பிறகு செலஸ்டி, இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"எல்ம் மரத்துக்குக் கீழ உட்கார்ந்திருக்கோம்," என்றார் டீனோ.

எந்த மரம் என்று செலஸ்டி கேட்கவில்லை.