குழாய் சூடேறாத வீட்டு விருந்தாளிகள்

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. கால்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். வளைந்து கொடுக்காத ஒரு பெண்ணின் கதை சொல்கிறேன். அந்தக் குணம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதும் கேட்கக் கேட்கத் தெரிந்துவிடும்.

சீனாவில், எங்கள் தியான்ஷுயி ஊரில், கல்லூரி ஆசிரியர் குடியிருப்பில், என் வீட்டுக்கு நேர் மேலே ஐல்சா இருந்தாள். ஸ்காட்லாந்துக்காரி. ஆங்கிலம் கற்பிக்க வந்தவள், மறுபடியும் ஒப்பந்தத்தை நீட்டித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அதைக் கேட்டதும் ஊரில் ஆடு வளர்க்கும் அவள் அப்பா முர்டோவும் அம்மா எஃபியும் விமானம் ஏறிவிட்டார்கள். மனுஷன் வரும்போதே மகளுக்கும் சேர்த்துத் திரும்பும் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார்.

வந்த நேரம் பொல்லாதது. பனி கொட்டத் தொடங்கிவிட்டது. எங்கள் ஊரிலோ, அரசு குறித்த நாளுக்கு முன், வீட்டைச் சூடாக்கும் சுவர்க் குழாய்களில் வெந்நீர் ஓடாது. அதுவரை வீட்டுக்குள்ளேயே கோட்டு மாட்டிக்கொண்டு திரிவோம்.

படிக்கட்டில் முர்டோவைக் கண்டதும் அவர் தொடையைக் கிள்ளினேன். உள்ளே இன்னொரு கால்சட்டை இருக்கிறதா என்று பார்க்கத்தான். இங்கே யாரும் செய்வதுதானே. ஒற்றைத் துணி! அவர் துள்ளிக்குதித்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

“யாரும்மா இந்தப் பொம்பள? கிள்ளுறா என்னைய!” அவர்கள் பாஷையில்தான் கத்தினார். பிறகு ஐல்சா சிரிப்பை அடக்கமாட்டாமல் எனக்குச் சொன்னாள்.

“கீழ் வீட்டு சின் அத்தைப்பா. குளிருக்கு உள்ள எதாச்சும் போட்டிருக்கீங்களான்னு பாக்குறாங்க.”

“நல்லா கிள்ளுங்கம்மா!” என்றாள் எஃபி. “நான் சொன்னா கேக்குற ஆளா இவரு?”

பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டை இரண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். எஃபி அப்போதே மாட்டிக்கொண்டாள். முர்டோ தொடவில்லை. “நெருப்பில்லாத வீட்ல என் பொண்ணு கெடக்க வேணாம்” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் ஐல்சாவின் அடுப்படியில் நான் மாவை இழுத்து நூடுல்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன். கல்லூரி அதிகாரி ஷ்யோங் கதவைத் தட்டினார். கீழே கார் நின்றது. ஹோட்டலில் சூடான அறையும் விருந்தும் தயாராம்.

“வெளிநாட்டு விருந்தாளிங்க இப்படி வெறைச்சுக் கெடந்தா வெளியில என்ன பேசுவாங்க, டீச்சர்?”

அதை ஐல்சா மொழிபெயர்த்துச் சொன்னதும் முர்டோ எழுந்துவிட்டார். “பாத்தியா? இது மனுஷன் இருக்குற வீடில்லன்னு உன் ஆளே சொல்றான். பெட்டியக் கட்டு.”

ஐல்சா கரண்டியைக் கீழே வைத்தாள். முதலில் அதிகாரியிடம் திரும்பினாள்.

“இவங்க என் விருந்தாளிங்க, ஐயா. என் மேஜையில சாப்பிடுவாங்க, என் கட்டில்ல தூங்குவாங்க. இந்தக் கட்டடமே குளிர்லதான் கெடக்கு. சின் அத்தைய ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?”

“கூட்டிட்டுப் போனா நான் ரெடிப்பா! ஆட்டுக்கறி சூப்பு உண்டுல்ல?” என்றேன். ஷ்யோங்கின் காது சிவந்தது.

“அப்ப நீ ஊருக்கு வரமாட்ட” என்றார் முர்டோ.

“வரமாட்டேன்பா. நாளைக்குக் காலையில என் பசங்களுக்குக் கிளாஸ் இருக்கு. டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு ஷ்யோங்கின் காரிலேயே ஏறிப் போய்விட்டார். ஒரு மேஜை நிறைய அதிகாரிகள் ஆளுக்கொரு சாராயக் கோப்பையை அவர் முன் உயர்த்த, யாருக்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் அத்தனையும் குடித்தாராம். மறுநாள் முழுக்கத் தலையைப் பிடித்துக்கொண்டு சூடான அறையில் தனியாகக் கிடந்தார். எஃபி போய்ப் பார்க்கவில்லை. “கோவம் எறங்கட்டும்” என்று சொல்லிவிட்டு, எங்கள் பெண்களோடு சதுக்கத்தில் ஆடப் போனாள்.

கிளம்பும் நாள் வந்தது. காரை வாசலில் நிறுத்தி முர்டோ காத்திருந்தார். எஃபி பஞ்சுக் கால்சட்டையோடு வந்தாள், கையில் பெட்டி இல்லை.

“நீங்க போய் ஆடுங்களப் பாருங்க, முர்டோ. இந்தக் குளிர்காலம் முடியிறவரைக்கும் நான் என் பொண்ணோட இருக்கப்போறேன்.”

“நீயுமா?”

“நானும்தான்.”

“ரெண்டு பேருக்கும் ஒரே மண்ட!”

“பாதி உங்களோடதுப்பா” என்றாள் ஐல்சா.  நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

அவர் காரில் ஏறினார். கண்ணாடி இறங்கியது.

“வசந்தத்துல வருவேன். என்னை அந்த ஹோட்டல்ல மட்டும் போட்டுடாத.”

கார் போய்விட்டது. ஐல்சா புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு ஓடினாள்.

கண்ணுகளா, உங்கள் வீட்டுப் பெண் ‘மாட்டேன்’ என்று நிமிர்ந்து நிற்கும் நாளில் அவள் பக்கத்தில் நிற்க ஒருவராவது இருக்கட்டும். கோபித்துப் போனவர் திரும்பி வர உங்கள் கதவு திறந்தே இருக்கட்டும். உங்கள் கிண்ணங்கள் என்றும் நிறைந்திருக்கட்டும்.